மருந்து கேட்கும் நேரம்

லேக் மார்க்கெட் பக்கம் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் இருக்கிறார். கொல்கத்தாவுக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலையில் காய் வாங்க அவரோடு கீழே இறங்கிப் போவது என் வழக்கம். "கிளம்பலாமா மாமா?" என்று கேட்டால் சில நாள் உடனே செருப்பைத் தேடுவார். சில நாள் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவார்.

"இருடா, இன்னும் மருந்து கேக்கலை."

நாற்காலியில் உட்கார்ந்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அரை மணி ஆகும், சில நாள் முக்கால் மணி. மாற்றம் முதலில் முகத்தில்தான் தெரியும். இமை கொட்டுவது கூடும், உதட்டோரம் இளகும். பிறகு இடது கை விரல்களின் உதறல் அடங்கும். நாற்காலிக் கையைப் பிடிக்காமலே எழுந்து நிற்பார். ராஷ்பிகாரி அவென்யூவில் அவர் காலை எட்டி வைத்து நடக்கும்போது, பின்னால் வருகிற யாருக்கும் அவருக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) இருப்பது தெரியாது.

ஆனால் காய்க்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டு, மாமா சட்டென்று திரும்பினால் நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். கால் நன்றாக நடக்கிறது, உடம்பு மட்டும் அந்தத் திருப்பத்தில் பின்தங்கிவிடுகிறது. கடந்த ஒரு வருஷத்தில் மூன்று தடவை விழுந்திருக்கிறார். மூன்றும் மருந்து நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்.

நடையைக் கொடுத்த மருந்து நிலையை ஏன் கொடுக்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் அந்த மருந்து பிறந்த கதையைப் படித்தேன். லெவோடோபா அதன் பெயர். இந்தியாவில் பல வீடுகளில் கார்பிடோபாவோடு சேர்ந்து சின்டோபா என்ற பெயரில் மாத்திரை டப்பாவில் இருக்கும். வியன்னாவிலும் நியூயார்க்கிலும் பிறந்த மருந்து என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முந்தைய ஒரு கண்ணி மாமா வசிக்கும் இதே ஊரில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

சர்ப்பகந்தா என்று ஒரு சிறு செடி. நம் மூலிகை நூல்களில் சிவன் அமல்பொடி. பீகாரில் அதன் வேரைப் 'பாகல் கி தவா', அதாவது பைத்திய மருந்து என்று நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டு வாங்குவார்கள். வெறிபிடித்துக் கத்துகிறவரை அடக்கித் தூங்கவைக்கும் வேர். 1931-ல் கல்கத்தாவில் இரண்டு பேர் இதைப் பற்றி 'இந்தியன் மெடிக்கல் வேர்ல்ட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவர் கவிராஜ் கணநாத சென். வங்கத்தில் ஆயுர்வேத மருத்துவரைக் கவிராஜ் என்பார்கள். இவர் அந்தப் பரம்பரையில் வந்து மேல்நாட்டு மருத்துவமும் முறையாகப் படித்துத் தேறியவர். மற்றவர் மருத்துவர் கார்த்திக் சந்திர போஸ். வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெயின், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் முதல் இரண்டு கிராம், தினம் இருவேளை கொடுத்தால் மூர்க்கம் தணிகிறது, தூக்கம் வருகிறது, ரத்த அழுத்தமும் இறங்குகிறது என்று அவர்கள் பதிவு செய்தார்கள். ரத்த அழுத்தத்தை இறக்கப் பெயர் சொல்லும்படி மருந்தே இல்லாத காலம் அது.

சித்தரஞ்சன் அவென்யூவில் இன்றும் நிற்கிற வெப்பமண்டல நோய்கள் பள்ளியில் அப்போது ராம்நாத் சோப்ரா மருந்தியல் பேராசிரியர். நாட்டு மருந்துகளை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். அவரும் அவர் குழுவினரும் 1933-ல் அந்த வேரிலிருந்து எடுத்த சத்தின் செயலை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதே காலத்தில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து சில ஆல்கலாய்டுகளைப் பிரித்தார். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு இந்த வேரைக் கொடுத்துக் கண்டதை 1949-ல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதினார். மேல்நாடு விழித்துக்கொண்டது அதன் பிறகுதான். 1952-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் சீபா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேரின் முதன்மைச் சத்தைத் தனியே பிரித்து ரெசர்பின் என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டே வருஷத்தில் அது அமெரிக்க மனநல மருத்துவமனைகளின் வார்டுகளுக்குள் போனது. நியூயார்க் மாநிலத்தில் நேதன் கிளைன் அதைக் கொடுத்துப் பார்த்து 1954-ல் எழுதினார். பல வருஷம் கட்டுண்டு கிடந்தவர்கள் அமைதியானார்கள். கூடவே வேறொன்றும் நடந்தது. அளவு கூடியபோது சிலருக்கு முகம் மரத்தது, கை நடுங்கியது, குனிந்து, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். நடுக்குவாதக்காரர்களின் அதே நடை. மருந்தை நிறுத்தினால் மெல்ல மெல்லப் பழைய நடை திரும்பியது.

ஒரு வேரின் சத்தால் ஒரு நோயின் சாயலை வரவழைக்கவும் முடிகிறது, விலக்கவும் முடிகிறது என்றால், அந்த நோய் மூளையில் ஏதோ ஒரு பொருளின் பற்றாக்குறையாக இருக்கலாம். இன்றைக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். அன்று நடுக்குவாதத்தை அப்படி யாரும் பார்க்கவில்லை. நரம்பு தேய்ந்துபோனால் போனதுதான் என்று விட்டிருந்தார்கள்.

ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் ஆர்விட் கார்ல்ஸன் ரெசர்பினை முயல்களுக்கும் எலிகளுக்கும் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, இமை சரிந்து, வைத்த இடத்திலேயே கிடந்தன. பிறகு டோபா என்ற பொருளை ரத்த நாளத்தில் ஏற்றினார். கால் மணி நேரம்போல ஆனது. காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் குதித்துப் போயின. 1957 நவம்பரில் 'நேச்சர்' இதழில் ஒரு சிறிய கட்டுரையாக இது வந்தது. முயல் கிடந்த படமும் அது எழுந்த படமும் பிற்காலத்தில் நரம்பியல் மாணவர்கள் எல்லாரும் பார்க்கிற படங்கள் ஆயின. ரெசர்பின் மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சேமிக்கவிடாமல் காலி செய்கிறது, டோபா போய் அந்த டோபமைனாக மாறிக் காலி இடத்தை நிரப்புகிறது என்று அடுத்த ஆண்டுகளில் தெளிவானது. அதுவரை டோபமைனை வேறொரு பொருள் தயாராகும் வழியில் வருகிற இடைப்பொருள் என்று மட்டும் நினைத்திருந்தார்கள். கார்ல்ஸனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முயலைக் கிடத்திய பொருளின் வேர் பீகார் கடைத்தெருவையும் கல்கத்தாக் கவிராஜையும் கடந்து அவர் மேசைக்குப் போயிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

முயலை எழுப்பிய டோபா புதிதாகச் செய்த பொருள் இல்லை. 1913-ல் பாசலின் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் வேலை பார்த்த மார்கஸ் குகன்ஹைம் ஐரோப்பிய அவரை வகை ஒன்றிலிருந்து அதைப் பிரித்தார். தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்துக் கடுமையாக வாந்தி எடுத்தார். அந்த வாந்தி இந்தக் கதையில் பின்னால் மறுபடி வரும்.

அடுத்த நல்ல ஊற்று நம் ஊரில் கிடைத்தது. 1937-ல் மெட்ராஸ் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இதே டோபாவைப் பிரித்து 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். வேலியோரத்தில் படர்ந்து கிடக்கும் பூனைக்காலியைக் கிராமத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். காயின் மேல் வெல்வெட்டுச் சுணை. தொட்டால் நாள் முழுக்க அரிப்பு. வங்காளத்தில் அதை ஆல்குஷி என்கிறார்கள், அதே பயத்தோடுதான். மலைவாழ் மக்கள் அந்த விதையைத் தண்ணீர் மாற்றி மாற்றிப் பலமுறை வேகவைத்து வடித்த பிறகே சாப்பிடுவார்கள். நூறு கிராம் விதையில் நாலைந்து கிராம் லெவோடோபா (டோபாவின் இயற்கை வடிவம்) இருக்கிறது. ஆயுர்வேதம் கம்பவாதம் என்று சொல்லும் நடுக்க நோய்க்கு இந்த விதையைக் கொடுத்து வந்திருக்கிறது. மெட்ராஸில் அந்த இருவரும் விதையை அரைத்துக்கொண்டிருந்தபோது அதற்கும் நடுக்குவாதத்துக்கும் உள்ள உறவை வேதியியல் கண்ணால் பார்க்க வழியில்லை. டோபமைன் மூளையில் இருக்கிறது என்பதே இன்னும் இருபது வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. ஆக, முயலைப் படுக்கவைத்த பொருளின் தொடக்கம் கல்கத்தாவில். எழுப்பிய பொருளின் நல்ல விளைநிலங்களில் ஒன்று மெட்ராஸ் வேலியில்.

இனி வியன்னா. அங்கே ஓலே ஹோர்னிகிவிச், இறந்தவர்களின் மூளைத் துண்டுகளில் டோபமைனை அளந்தார். ஆரோக்கியமாக வாழ்ந்து இறந்தவர்களின் மூளைச்சாற்றில் வினைப்பொருளைச் சேர்த்ததும் இளஞ்சிவப்பு நிறம் வந்தது. நடுக்குவாதத்தில் இறந்த 6 பேரின் மூளைச்சாற்றில் அந்த நிறம் எழும்பவே இல்லை என்று சொல்லுமளவுக்கு மங்கல். கருவி வேண்டாம், கண்ணாலேயே பார்த்துவிடலாம். 1960-ல் சக ஆய்வாளர் எரிங்கருடன் சேர்ந்து இதை வெளியிட்டார். பிறகு தன்னிடம் இருந்த கொஞ்சம் லெவோடோபாவை எடுத்துக்கொண்டு முதியோர் மருத்துவமனையில் வேலை பார்த்த வால்டர் பிர்க்மையரிடம் போனார். பிர்க்மையர் உடனே இசையவில்லை. மாதங்கள் ஓடின. 1961 ஜூலையில் முதல் ஊசி போட்டார். படுக்கையில் எழுந்து உட்கார முடியாதவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள், நின்றவர்கள் நடந்தார்கள். சில மணி நேரத்துக்கு. பிறகு பழையபடி.

பழையபடி ஆவதைத் தடுக்க இன்னும் ஆறு வருஷம் பிடித்தது. அமெரிக்காவின் ப்ரூக்ஹேவனில் ஜார்ஜ் கோட்ஸியாஸ், மருந்தை வாய்வழியாக, மிகக் குறைந்த அளவில் தொடங்கி வாரக் கணக்கில் ஏற்றிக்கொண்டே போனார். 16 பேர், சிலருக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் வரை. கைப்பிடி கைப்பிடியாகப் பொடி. 1967-ல் அவர் வெளியிட்ட முடிவுக்குப் பிறகுதான் உலகம் நம்பியது. 1970-ல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனாலும் குகன்ஹைம் எடுத்த அதே வாந்தி நோயாளிகளைத் துரத்தியது. விழுங்கிய மருந்தில் பெரும்பகுதி மூளைக்குப் போகுமுன்னரே உடம்பில் டோபமைனாக மாறி வயிற்றைப் புரட்டுகிறது. வழியிலேயே மாறாமல் தடுக்கும் கார்பிடோபாவைக் கூடச் சேர்த்தார்கள். தேவையான லெவோடோபா ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. மாமாவின் டப்பாவில் இருப்பது 1970-களின் நடுவில் இப்படி உருவான கூட்டு.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். முயல் எழுந்ததா என்று பார்த்தார்கள். நோயாளி நடந்தாரா என்று பார்த்தார்கள். அசையாமல் கிடப்பதை அசைய வைப்பதுதான் கார்ல்ஸனின் கேள்வி, பிர்க்மையரின் கேள்வி, கோட்ஸியாஸின் கேள்வி. விழாமல் நிற்கிறாரா என்ற கேள்வியை இந்த மருந்தின் தொட்டிலருகில் யாரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படுக்கையில் கல்லாய்க் கிடந்தவர் முதல்முறை எழுந்தபோது அவர் நடை சீராக இருக்கிறதா என்று யார் அளந்துகொண்டிருப்பார்கள்? ஆனால் அந்தக் கேள்வி பழையது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் எழுதிய சிறு நூலில் 6 பேரை விவரிக்கிறார். அவர்களில் சிலரைத் தெருவில் கண்டே குறித்துக்கொண்டவர். உடம்பு முன்னால் சாய, கால்கள் அதைத் துரத்திப் பிடிப்பதுபோல் குறுகக் குறுக ஓடும் நடையை அவர் அப்போதே எழுதிவிட்டார். நோயை முதலில் அடையாளம் கண்ட கண்ணுக்கு விழுதலும் தெரிந்திருக்கிறது.

நடையை அளக்கும் பாய்களும் உணர்கருவிகளும் வந்த பின், லெவோடோபாவுக்கு நடையில் எது கேட்கிறது, எது கேட்பதில்லை என்று பிரித்துப் பார்த்தார்கள். அடியின் நீளம் கேட்கிறது. வேகம் கேட்கிறது. கை வீச்சு, நாற்காலியிலிருந்து எழுவது, முதல் அடி எடுப்பது, இவையும் கேட்கின்றன. அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள நேர ஒழுங்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒரு அடி சற்று முந்தி விழுகிறது, அடுத்தது பிந்தி விழுகிறது; அந்தச் சீர்குலைவுதான் விழுவதற்கு முன்னறிகுறி. பின்னாலிருந்து தோளைப் பிடித்து லேசாக இழுத்தால் ஒன்றிரண்டு அடி பின்வைத்து நிலைகொள்ள வேண்டும். நரம்பு மருத்துவர் அறையில் இந்தச் சோதனையைப் பலர் பார்த்திருப்பீர்கள். நோய் முற்றும்போது அந்தத் தற்காப்பு அடி வருவதில்லை, மருந்து உச்சத்தில் இருந்தாலும்.

காரணம் இதுதான். நடையின் வீச்சு பெரும்பாலும் டோபமைன் ஓடும் பாதையைச் சேர்ந்தது. நிலைகொள்வதும் தாளமும் மூளைத்தண்டில் இருக்கும் வேறு சில நரம்புக் கூட்டங்களையும் நம்பியிருக்கின்றன. அவற்றில் சில அசிட்டைல்கோலின் என்ற பொருளால் பேசுபவை. இந்த நோய் அவற்றையும் அரிக்கிறது. அங்கே காலியான இடத்தை டோபமைனைக் கொண்டு நிரப்ப முடியாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஆய்வாளர்கள், மறதி நோய்க்குக் கொடுக்கும் ரிவாஸ்டிக்மின் என்ற மருந்தை 130 நடுக்குவாத நோயாளிகளிடம் சோதித்தார்கள். அசிட்டைல்கோலினைக் காக்கும் மருந்து அது. அடிகளின் நேர ஒழுங்கு சீரானது என்று 2016-ல் எழுதினார்கள். நோய் முதலில் எழுதப்பட்டு ஏறக்குறைய இரு நூற்றாண்டாக விடுபட்டிருந்த கேள்வியை மருந்தால் கேட்டுப் பார்த்த முயற்சிகளில் இது முக்கியமானது என்பது என் எண்ணம்.

சில சமயம் லெவோடோபாவே நிலையைக் கெடுக்கவும் செய்யும். பல வருஷம் எடுத்த பிறகு மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தானாக நெளிந்து ஆடும். அந்த ஆட்டத்தில் இடுப்பும் தோளும் எடையை இடம் மாற்றிப் போடும். இன்னொன்று ரத்த அழுத்தம். படுத்திருந்து எழுந்ததும் அழுத்தம் சரிந்து கண் இருட்டுவது இந்த நோயிலேயே உண்டு. மருந்து அதைக் கூட்டலாம். கவிராஜ் கணநாத சென் கவனித்த ரத்த அழுத்தத்தின் இறக்கம் இன்று வேறொரு மருந்தின் நிழலாக மாமாவின் கட்டில் ஓரத்தில் வந்து நிற்கிறது. பிறகு, மருந்து கேட்கிற நேரத்தில்தான் ஆள் எழுந்து நடமாடுகிறார் என்ற எளிய உண்மை. நடக்கிறவர்தான் விழ முடியும்.

உறைந்து நிற்பது தனி. கால் தரையில் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றுவிடும். வாசற்படியில், லிஃப்ட் கதவில், குறுகலான சந்தில், கூட்டத்தில். மருந்து இறங்கிய நேரத்தில் உறைகிறவர்களே அதிகம். அவர்களுக்கு வேளைகளை நெருக்கினால், அளவைத் திருத்தினால் பலன் உண்டு. மருந்து ஏறிய நேரத்தில் உறைகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகலாம். ஆகையால் "கால் ஒட்டிக்குது" என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னால் பாதிச் சேதிதான் போய்ச் சேருகிறது. எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு ஒட்டியது என்பதும் சேர்ந்து போக வேண்டும்.

கொல்கத்தா இந்த நோய்க்காரர்களுக்கு எளிய ஊர் இல்லை. நடைபாதையில் பாதியைக் கடைகள் பிடித்திருக்கும். மீதிப் பாதியில் எதிரே ஆட்கள். பூஜை நாட்களில் பந்தல் வாசல்களின் நெரிசல் நல்ல கால்களையே நிறுத்திவிடும். பவானிப்பூரில் உள்ள பாங்கூர் நரம்பியல் மருத்துவமனையின் சியாமள் குமார் தாஸும் அவர் குழுவினரும் இந்த நகரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால் லட்சத்துக்கு ஏறக்குறைய 53 பேருக்கு இந்த நோய் என்று 2010-ல் எழுதினார்கள். மேலைநாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் குறைவு. இந்தப் பெருநகரத்தின் மக்கள்தொகையால் பெருக்கிப் பார்த்தால் குறைவாகத் தெரியவில்லை. இவர்கள் ஒவ்வொருவரும் இந்த நடைபாதைகளில்தான் இறங்க வேண்டும்.

இதே ஊரில் ஒரு உதவியும் இருக்கிறது. வடக்குக் கல்கத்தாவின் பழைய வீடுகளில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்ட தரை உண்டு. உறைந்து நிற்பவர் வழவழத்த தரையில் அசையமாட்டார். காலடியில் குறுக்குக் கோடு தெரிந்தால் அதைத் தாண்டிக் கால் எடுத்துவைப்பார். தட்டையான தாழ்வாரத்தில் திணறுகிறவர் மாடிப்படியில் கிடுகிடுவென்று ஏறிவிடுவதும் இதனால்தான். கண் கொடுக்கும் குறி, பழுதான உள்தாளத்தைச் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் காலுக்கு எட்டுகிறது. 'ஒன்று, இரண்டு' என்று எண்ணுவது, பாட்டுக்கு அடி வைப்பது, இவையும் அப்படியே. எந்த மருந்தும் தராத தாளத்தை இவை கொஞ்சம் இரவல் தருகின்றன. மாமா வீட்டில் குளியலறை வாசலில் மாமி வண்ண ஒட்டுநாடாவைக் குறுக்கே நாலு வரி ஒட்டியிருக்கிறார். ஐம்பது ரூபாய் ஆகியிருக்காது.

மருந்து கேட்காத நாட்களின் காரணம் பல சமயம் தட்டில் இருக்கும். லெவோடோபா ஒரு அமினோ அமிலம். புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் போகும் அதே வாசல் வழியாகத்தான் அதுவும் குடலைக் கடந்து மூளைக்குள் நுழைய வேண்டும். பருப்பு, பால், மீன், சந்தேஷ் இவற்றோடு சேர்த்து விழுங்கினால் வாசலில் நெரிசல். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னால் மாத்திரை என்பார்கள். ரத்தத்தில் அதன் அளவு ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் முதல் வருஷங்களில் மூளையே கொஞ்சம் சேமித்துக்கொள்வதால் இந்த அவசரம் தெரிவதில்லை. பின்னாளில் ஒவ்வொரு வேளையும் கடிகாரமாகிவிடுகிறது. மலச்சிக்கலும் மந்தமான வயிறும் சேர்ந்தால் மாத்திரை வயிற்றிலேயே தங்கி மருந்து ஏறத் தாமதமாகும்.

வேறு மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இதில் நிறைய வீடுகள் ஏமாறுகின்றன. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட், தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளூனரிசின், இவை டோபமைனின் வேலையைத் தடுப்பவை. நல்ல மனிதருக்கே முதிய வயதில் மாதக்கணக்கில் கொடுத்தால் நடுக்குவாதச் சாயலை வரவழைக்கும். உள்ளவருக்கு இன்னும் கூட்டும். 1950-களின் வார்டில் ரெசர்பின் செய்ததையே இன்று தலைச்சுற்றல் மாத்திரை செய்கிறது. தள்ளாடுகிறார் என்று போனவருக்குத் தலைச்சுற்றல் மாத்திரை கொடுத்து, தள்ளாட்டம் கூடி, மறுபடி போய் அதே மாத்திரையை இரட்டிப்பாக்கிக்கொண்டு வந்ததை எனக்குத் தெரிந்த வீட்டில் பார்த்திருக்கிறேன். சீட்டு எழுதுபவரிடம் "இவருக்குப் பார்க்கின்சன் இருக்கு" என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். லெவோடோபாவைத் தானாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மாமி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். மாத்திரை நேரம் ஒரு பக்கம். எழுந்தது, நடந்தது, ஒட்டியது, விழுந்தது மறுபக்கம். மாமா விழுந்த மூன்று தடவையும் அதில் நேரத்தோடு இருக்கின்றன. போன மாதம் நரம்பு மருத்துவர் அதை வாங்கிப் புரட்டினார். மாமாவைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், நிற்கவைத்து மூன்று நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார். வெகுவாக இறங்கியிருந்தது. லெவோடோபாவை அவர் தொடவில்லை. காலையில் எடுத்துக்கொண்டிருந்த ரத்தக் கொதிப்பு மாத்திரையை மட்டும் மாற்றி எழுதினார். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பச் சொல்லிக்கொடுத்தார்.

நேற்று காய் வாங்கப் போனோம். கத்தரிக்காய்க்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார். மாமா நின்றார். கூடையை என்னிடம் கொடுத்தார். பிறகு சின்ன வட்டம் ஒன்று போடுவதுபோல், ஏழெட்டு அடி எடுத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே திரும்பினார்.